காத்தமுத்து அனுப்பிய நடுக்கம்

ராக்குவுக்கு அந்த யோசனையைச் சொல்லிக்கொடுத்தது நான்தான். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எங்கள் ஊர் ஆவாரங்குளத்திலிருந்து எவளாவது வந்து உங்கள் காதில் ஓதிவிட்டுப் போவாள், அவளுகளுக்கு வேறு வேலை கிடையாது.

சண்டை வந்த அந்த வருஷம் எங்கள் ஊர்க்காரர்கள் நாற்பத்து மூன்று பேர் பட்டாளத்தில் இருந்தார்கள். ஊரில் மொத்தமே நூற்றுப் பத்து வீடு. கண்மாய் பெருகினால் ஒரு போகம், பெருகாவிட்டால் கருவேலமுள்ளும் கரிமூட்டமும் என்று கிடக்கிற சீமையில், மீசை அரும்பினவனை மார்பளவு எடுத்து அனுப்பிவைப்பதுதான் மூன்று தலைமுறையாக எங்களுக்கு நிச்சயமான வெள்ளாமை. என் வீட்டுக்காரர் அங்கே துப்பாக்கி பிடிக்கவில்லை, கரண்டி பிடித்தார், இருநூறு பேருக்குச் சப்பாத்தி போடுகிற சமையல்காரர். மற்றப் பெண்டுகள் எல்லாம் சிப்பாய் பொண்டாட்டி, நாயக் பொண்டாட்டி என்று நிமிர்ந்து நடக்க, எனக்கு மட்டும் சமையக்காரன் பொண்டாட்டி என்று பேர் விழுந்தது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பதால் நேரில் யாரும் சொல்வதில்லை.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பட்டாளத்துக்குக் கிளம்புகிறவன் குளித்து, சாமி கும்பிட்டு, பெட்டியை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டுத் திரும்பி நின்று, வலது உள்ளங்கையை நிலைக்காலில் அழுத்தி, "நீ இங்கயே இரு" என்று மூன்று தரம் சொல்லுவான். சொல்வது தன்னுடைய பயத்தைப் பார்த்து. அதை வீட்டில் விட்டுவிட்டுத்தான் எங்கள் ஆண்கள் ரயில் ஏறுவார்கள், லீவில் வரும்போது செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் அதே இடத்தில் கையை வைத்துத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். பட்டாளத்து வீடு எது என்று புது ஆளுக்குத் தெரியவேண்டுமானால் நிலைக்காலைப் பார்த்தால் போதும், தோள் உயரத்தில் கை பட்டுப் பட்டு எண்ணெயேறிக் கறுத்த தடம் ஒன்று இருக்கும். மரத்தில் பயம் இறங்குமா என்று யாரும் கேட்டதில்லை, நெற்றியில் திருநீறு பூசுகிறோம், அது என்ன செய்யும் என்று தினமும் கேட்டுக்கொண்டா இருக்கிறோம்.

காத்தமுத்து மட்டும் அதைச் செய்யாமல் போய்விட்டான். இரண்டு மாத லீவில் வந்திருந்தவன், சித்திரையில் பத்து நாள் வந்துபோனதில் பொண்டாட்டி ராக்குவுக்கு ஐந்து மாதம், காலம் தப்பின மாங்காய் வேண்டும் என்றாள் என்று வியாழக்கிழமைச் சந்தைக்குப் போயிருந்தான், அந்த நேரம் பார்த்துத் தந்தி வந்தது, லீவு ரத்து, உடனே புறப்படு என்று. அவனுடைய அப்பா சன்னாசி ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்றவர், பர்மாச் சண்டை பார்த்தவர், உத்தரவு என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தால் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுகிற மனுஷன். மகனுடைய பெட்டியைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு நேராகச் சந்தைக்குப் போய், அங்கிருந்தே அவனைப் பஸ் ஏற்றிவிட்டு, மாங்காயைக் கையில் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

ராக்கு அந்த மாங்காயைத் தொடவில்லை. அவளுக்குத் தாயில்லை, இவளைப் பெற்றபோதே தாய் போய்ச் சேர்ந்துவிட்டாள், அதனால் என்ன என்றாலும் என்னிடம்தான் வருவாள். "மதினி, நிலையில கை வைக்காமப் போயிட்டாகளே, அம்புட்டுப் பயத்தையும் மேலேயே வச்சுக்கிட்டுல போயிருக்காக" என்று நிலைக்காலைப் பிடித்துக்கொண்டே நிற்பாள். சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை. வயிற்றுப்பிள்ளைக்காரி இப்படிக் கிடந்தால் என்னத்துக்கு ஆவது. அவளுடைய வாயை அடைப்பதற்காக நான் சொன்னேன், "ஆளு வீட்டுக்கு வரலேன்னா என்னத்தா, கடுதாசி வீட்டுக்கு வரத்தானே போகுது. அதுல கையை வச்சுச் சொல்லி அனுப்பச் சொல்லு, வந்ததும் நிலையில ஒட்டிவச்சிருவோம்."

விளையாட்டாகச் சொன்னதுதான். நாலாவது வரை படித்த பெண், அன்றைக்கே எழுத்துக் கூட்டி எழுதி அனுப்பிவிட்டாள்.

அதற்கு நடுவில் அவன் அங்கே போய்ச் சேர்ந்து போட்ட முதல் கடிதம் வந்தது. அதை எனக்கும் வாசித்துக் காட்டினாள். கால் வீங்குகிறதா, மருத்துவச்சி வந்து பார்த்தாளா, கிணற்றடிக்குத் தனியாகப் போகிறாயா, போகாதே, மாங்காய் சாப்பிட்டாயா, கூரை ஓடு மாற்றச் சொன்னேனே மாற்றினார்களா, இடி இடித்தால் துணைக்கு யார் வந்து படுக்கிறார்கள் என்று இப்படியே ஒரு இன்லாண்ட் லெட்டருக்குள் பதினொரு கேள்வி. நான் எண்ணினேன். எழுத்து கோழி கிளறின மாதிரி கோணல்மாணலாக இருந்தது, அவனுக்கு எப்போதும் அப்படித்தான், கை சும்மாவே நடுங்கும்.

இரண்டாவது கடிதம் வந்தது புரட்டாசிக் கடைசியில். தபால்காரர் அருளப்பன் கண்மாய்க்கரையில் வரும்போதே அவருடைய சைக்கிள் மணி அடித்தது. அவர் இரண்டு கையையும் கைப்பிடியில் வைத்திருந்தார், மணி தானாக அடித்துக்கொண்டே வந்தது. "பையில என்னமோ இருக்குத்தா, மதுரையிலருந்தே இப்படித்தான் வருதாம், பிரிக்கிற இடத்துல மேசையெல்லாம் கிடுகிடுன்னு ஆடுச்சாம்" என்று கடிதத்தை ராக்குவிடம் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். மணி நின்றுவிட்டது.

கடிதத்தில் அவன் எழுதியிருந்தான், நீ சொன்னபடி தாளின் மேல் கையை வைத்து மூன்று தரம் சொன்னேன், சொன்னதும் உடம்பு லேசாகிவிட்டது, கை நடுக்கம் நின்றுவிட்டது, இனி கவலைப்படாதே. ராக்கு சிரித்தாள். சிரித்துக்கொண்டே கடிதத்தை அடுப்படியில் இருந்த தகரப்பெட்டியின் மேல் வைத்தாள். பெட்டி நடுங்க ஆரம்பித்தது. பெட்டியிலிருந்து சுவருக்கு ஏறி, சுவரிலிருந்து பலகைக்கு ஏறி, பலகையிலிருந்த எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிணுகிணுவென்று சத்தம் போட, குடத்துத் தண்ணீரில் வட்டம் வட்டமாக வந்து, மேலே உறியில் இருந்த தயிர்ப்பானை ஆடத் தொடங்கியது. நிலைக்காலில் ஒட்டுகிற வேலையே இல்லை, அது தானாகவே தனக்கு இடம் பார்த்துக்கொண்டது. எங்கள் இரண்டு பேருக்கும் அது காத்தமுத்துவின் நடுக்கம்தான் என்பதில் சந்தேகமில்லை, டம்ளரைப் பிடித்தால் அவன் பிடிக்கிற டம்ளர் எப்படி ஆடுமோ அப்படியேதான் ஆடியது.

ஊர் வந்து பார்த்தது. பார்த்துவிட்டு என்ன செய்யும், ஒரு வாரத்தில் பழகிவிட்டது. தகரப்பெட்டி மேல் தயிர்ப்பானையை வைத்தால் மத்துப் போடாமலே வெண்ணெய் திரள்கிறது என்று கண்டுபிடித்தவள் பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணம். அதற்கப்புறம் கேழ்வரகு மாவைச் சல்லடையோடு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனவர்கள் உண்டு, அழுகிற பிள்ளையைக் கொண்டுவந்து பெட்டி மேல் கிடத்தித் தூங்கப்பண்ணினவர்கள் உண்டு, முழங்கால் வலிக்கு நல்லது என்று வந்து உட்கார்ந்துவிட்டுப் போன கிழவர்களும் உண்டு. பூசாரி ஒரு மஞ்சள் கயிற்றைக் கட்டினார், கயிறும் நடுங்கியது. பள்ளிக்கூட வாத்தியார் ஒரு டம்ளர் தண்ணீரைப் பெட்டி மேல் வைத்து அரைமணி நேரம் கண் கொட்டாமல் பார்த்தார், பிறகு அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

பார்த்த பொம்பளைகளுக்குச் சும்மா இருக்க முடியுமா. நிலைக்காலில் வைத்துவிட்டுப் போனதெல்லாம் பெயருக்குத்தான், இதுதான் அசல் என்று ஆளாளுக்கு எழுத ஆரம்பித்தார்கள். ஐப்பசி முடிவதற்குள் பதினெட்டு வீட்டில் பாத்திரம் ஆடியது. பஞ்சவர்ணத்தின் புருஷன் தவசி பெரிய கடாமாடு மாதிரி ஆள், அவன் பயம் வந்து சேர்ந்தபோது உறியில் இருந்த மூன்று சட்டியும் ஒன்றாக ஆடின, "இம்புட்டையுமா இந்த மனுசன் எனக்குத் தெரியாம வச்சிருந்தாரு" என்று அவள் வாயில் கைவைத்தாள். என் வீட்டுக்காரரும் ஒன்று அனுப்பினார். அரை டம்ளர் குலுங்குகிற அளவுதான் இருந்தது, சமையல்காரருக்கு அதற்குமேல் வராது போலிருக்கிறது. அதைக் கடுகு டப்பாவின் மேல் வைத்திருந்தேன்.

கார்த்திகையில் சண்டை மூண்டது. பஞ்சாயத்து ரேடியோவைச் சுற்றி சாயங்காலம் ஆண்கள் நிற்பார்கள், நாங்கள் நிற்பதில்லை, எங்களுக்கு வீட்டிலேயே செய்தி வந்தது. சும்மா கிணுகிணுவென்று ஆடிக்கொண்டிருக்கிற பாத்திரங்கள் திடீரென்று காலை ஒன்பது மணிக்குத் தடதடவென்று அடித்துக்கொள்ளும், தட்டு உருண்டு விழும், குடத்துத் தண்ணீர் தளும்பி வழியும். இந்த நேரத்தில் அங்கே குண்டு விழுகிறது என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். அவர்களுக்கு ஒன்றும் இல்லை, அவர்கள் பயத்தைத்தான் எங்களிடம் கொடுத்துவிட்டார்களே, அங்கே படவேண்டிய பயத்தை எல்லாம் இங்கே அடுப்படியில் இருந்து நாங்கள் பட்டோம். களையெடுக்கிறவள் களையைப் போட்டுவிட்டு ஓடி வருவாள், குளிக்கிறவள் ஈரத்தோடு ஓடி வருவாள். ராக்கு ஏழு மாத வயிற்றோடு பெட்டியைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருப்பாள், அடங்குகிறவரை எழுந்திருக்க மாட்டாள். கோழிகள் முட்டையிடுவதை நிறுத்தின. நாய்கள் தெருவைவிட்டு கண்மாய்க்குள் போய்ப் படுத்துக்கொண்டன.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அருளப்பன் கடிதம் கொண்டுவந்தால் சைக்கிளில் ஏறி வருவார். தந்தி என்றால் ஊர் எல்லையிலேயே இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவார், சாவுச் செய்தியோடு மிதித்து வர அவருக்கு மனசு வராது. அதனால் பதினொரு மணிக்கு எங்கள் கண்ணெல்லாம் கண்மாய்க்கரையில்தான் இருக்கும், ஏறி வருகிறாரா, தள்ளி வருகிறாரா என்று.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் பஞ்சவர்ணம் வீட்டில் உறி அறுந்து மூன்று சட்டியும் சுக்குநூறாக உடைந்தன. நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது அறுந்த உறிக்கயிறு உத்திரத்தில் இருந்து தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. பெரிதாக ஆடி ஆடி, பிறகு மெதுவாகி, ஒரே சீராக ஆடத் தொடங்கியது, அதற்குமேல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மூன்றாம் நாள் அருளப்பன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

தந்திக்குப் பின்னாலேயே வந்த, தவசியின் மேலதிகாரி எழுதிய கடிதத்தை வாத்தியார்தான் வாசித்தார். குண்டு விழுந்துகொண்டிருந்தபோது எல்லோரும் குழிக்குள் தலையைத் தாழ்த்திப் படுத்திருக்க, தவசி மட்டும் எழுந்து வெளியே போயிருக்கிறான், டீக் குடிக்கிற மக்கை வெளியே வைத்துவிட்டானாம், அதை எடுக்க. "பயம் என்றால் என்னவென்றே அறியாத வீரர்" என்று அந்த அதிகாரி எழுதியிருந்தார். ஊரே கண்ணைத் துடைத்துக்கொண்டு தலைநிமிர்ந்தது, சன்னாசி மாமா விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். ராக்கு மட்டும் என் கையைப் பிடித்தாள்.

"மதினி, அந்தப் பயம் இங்கதான இருக்கு" என்றாள், உறிக்கயிற்றைப் பார்த்துக்கொண்டு. "இது அவருகிட்ட இருந்திருந்தா எந்திரிச்சிருப்பாரா?"

பஞ்சவர்ணத்தின் காதில் விழுந்துவிடப்போகிறது என்று நான் அவளை வெளியே இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த வாரமே காத்தமுத்துவின் கடிதம் வந்தது. அருளப்பன் ஏறித்தான் வந்தார், மணி அடிக்கவில்லை. அவள் பிரித்துப் பார்த்தாள். எழுத்து அச்சடித்த மாதிரி இருந்தது. ஒரு கோணல் இல்லை, ஒரு அடித்தல் இல்லை, வரிக்கு வரி கோடு போட்டு நிறுத்தினது போல நின்றது. சாப்பாடு நன்றாக இருக்கிறது, பனி நன்றாக இருக்கிறது, குண்டுச் சத்தம் பழகிவிட்டது, சிரிப்பாகக்கூட இருக்கிறது, முன்னால் போவதற்கு ஆறு பேர் வேண்டும் என்று கேட்டார்கள், நான்தான் முதலில் கை தூக்கினேன். என்றைக்குப் போகிறார்கள் என்பதைப் பட்டாளத்துத் தணிக்கையில் கறுப்பு மை பூசி அடித்திருந்தார்கள். அவ்வளவுதான் கடிதம்.

"ஒரு கேள்வி இல்ல மதினி" என்று தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கால் வீங்குதான்னு கேக்கல, பிள்ளை எப்படி இருக்குன்னு கேக்கல. நமக்கு என்ன ஆகுமோங்கிற பயமும்ல சேர்ந்து வந்துருச்சு. அங்க இருக்கிறது யாரோ." சொல்லிவிட்டு அழவில்லை. நேராக மாடத்துக்குப் போய் இன்லாண்ட் லெட்டரை எடுத்தாள்.

சன்னாசி மாமா அதைப் பார்த்துவிட்டார். மருமகளிடம் அதிர்ந்து பேசாத மனுஷன் அன்றைக்கு வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். "என்ன எழுதப் போற?"

"அவுக அனுப்புனத அவுகளுக்கே திருப்பி அனுப்பப் போறேன் மாமா."

"சண்டையில நிக்கிறவனுக்குப் பயத்தை அனுப்புவியா? எம்மகன் பேரு மெடலுக்குப் போயிருக்குன்னு ரெஜிமென்ட்டுல இருந்து சொல்லி விட்டிருக்காங்க. கை நடுங்கினவனைக் கோழைன்னு ஒதுக்கிருவாங்கத்தா. இந்த வீட்டுல அந்தப் பேரு விழக்கூடாது."

"மெடல யாருக்கு மாமா மாட்டுவாக? பஞ்சவர்ணக்கா வீட்டுச் செவுத்துக்கா?" என்றாள் ராக்கு. பிறகு, கேட்கக்கூடாத ஒன்றையும் கேட்டுவிட்டாள். "அத்தை செத்தன்னைக்கு நீங்க முழுச்சாப்பாடு சாப்பிட்டீகளாமே. பர்மாவுலருந்து வந்தப்ப நிலையில கை வச்சு எடுத்தீகளா மாமா, இல்ல மறந்துட்டீகளா?"

அவர் வாசலை விட்டு விலகினார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கண்மாய்ப் பக்கம் போய்விட்டார்.

அவள் தகரப்பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். இடது கையைப் பெட்டி மேல் வைத்தாள், வலது கையில் பேனா. நான் பின்னால் உட்கார்ந்து அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். நடுக்கம் அவளுடைய விரலில் ஏறி, மணிக்கட்டில் ஏறி, முழங்கையில் ஏறி, தோளைத் தாண்டி நெஞ்சுக்குள் இறங்கி, வயிற்றைச் சுற்றிக்கொண்டு போனதை நான் என் கையால் உணர்ந்தேன், உள்ளே பிள்ளை ஒரு புரளு புரண்டது, வேண்டாம்த்தா விட்டுருத்தா என்று கெஞ்சினேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள். எங்கள் ஊரிலிருந்து பட்டாளத்துக்குப் போகிற எந்தக் கடிதமும் இங்கு அனைவரும் நலம் என்றுதான் தொடங்கும், மாடு செத்தாலும், மழை தப்பினாலும், தாய் படுத்த படுக்கையாகக் கிடந்தாலும் அப்படித்தான் எழுதவேண்டும், அதை மீறினவள் கிடையாது. ராக்கு எழுதினாள்.

"அன்புள்ள மச்சானுக்கு ராக்கு எழுதுவது. இங்கு யாரும் நலமில்லை. எனக்குக் கால் இரண்டும் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்று மருத்துவச்சி சொல்கிறாள், எங்கம்மா போன மாதிரி நானும் போய்விடுவேனோ என்று இருக்கிறது. ஓடு மாற்றவில்லை, உத்திரத்தில் நல்லபாம்பு சட்டை உரித்துப் போட்டிருக்கிறது. கிணற்றடிக்குத் தனியாகத்தான் போகிறேன், யார் வருவார்கள். தவசி அண்ணன் போய்விட்டார், அக்கா சாப்பிடுவதே இல்லை. நீங்களும் போய்விட்டால் நான் என்ன செய்வேன் என்று யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் தோன்றவில்லை. பயத்தை அனுப்பச் சொல்லி உங்களுக்கு எழுதியது என் தப்பு. எல்லாவற்றையும் இதில் வைத்துவிட்டேன், எடுத்துக்கொள்ளுங்கள். பயந்து பயந்து திரும்பி வாருங்கள். எனக்கு அது போதும்."

அவள் ஒவ்வொரு வரியாக எழுதி முடிக்க முடிக்க, வீட்டில் ஒவ்வொரு சத்தமாக அடங்கியது. முதலில் டம்ளர்கள் நின்றன, பிறகு தட்டுகள், பிறகு குடத்துத் தண்ணீர் தெளிந்து அசையாமல் நின்றது. கடைசியில் பெட்டியும் நின்றது. இரண்டு மாதமாகச் சத்தத்திலேயே இருந்த காதுக்கு அந்த அமைதி பொறுக்கவில்லை.

கடிதத்தை மடித்து ஒட்டினபோது அது அவள் கையில் துள்ளியது. வாசலில் சன்னாசி மாமா நின்றுகொண்டிருந்தார், எப்போது வந்தார் என்று தெரியாது. அவருடைய வலது கை நிலைக்காலில், அந்தக் கறுத்த தடத்தின் மேல் இருந்தது. கையை எடுத்தபோது அது உதறிக்கொண்டிருந்தது, முப்பது வருஷம் கழித்து எடுத்திருக்கிறார், சும்மாவா இருக்கும். கண் இரண்டும் சிவந்து, "குடு ஆத்தா, அருளப்பன் வர்ற வரைக்கும் ஆகாது, நானே டவுனுக்குக் கொண்டுபோயிர்றேன், எம்மகன் அங்க தனியா நிக்கிறான்" என்றார். கடிதத்தை வாங்கி மடியில் செருகிக்கொண்டு ஒன்பது மைல் நடந்தே போனார். போகிற வழியில் அவர் செத்துப்போன தன் பொண்டாட்டி பேரைச் சொல்லி அழுதுகொண்டே போனதாகக் கரிமூட்டம் போடுகிறவர்கள் சொன்னார்கள்.

மறுநாளே நானும் என் அரை டம்ளர் நடுக்கத்தைத் திருப்பி அனுப்பினேன். மற்றவர்களும் எழுதினார்கள், ஊரே உட்கார்ந்து எழுதியது, இங்கு யாரும் நலமில்லை என்று. பஞ்சவர்ணத்துக்கு மட்டும் அனுப்ப முகவரி இல்லை. அவள் வீட்டு உறிக்கயிறு ஆடிக்கொண்டே இருந்தது. ஆணி அடித்துப் பார்த்தார்கள், கல்லைக் கட்டிப் பார்த்தார்கள், நிற்கவில்லை. அப்புறம் அவளே போதும் விடுங்கள் என்று சொல்லிவிட்டாள்.

பிறகு காத்திருந்தோம். அதற்கு முன்னால் பட்ட பயமெல்லாம் பயமே இல்லை என்று அந்த நாட்களில்தான் தெரிந்தது. முன்பு பெட்டி ஆடினால் ஆள் இருக்கிறான் என்றாவது மனசு ஆறும். இப்போது பெட்டி மரக்கட்டையாகக் கிடந்தது, அங்கே என்ன நடக்கிறது என்று சொல்ல வீட்டில் ஒன்றும் இல்லை. கடிதம் போய்ச் சேர்ந்ததா, அதற்கு முன்னாலேயே அந்த ஆறு பேர் கிளம்பிவிட்டார்களா, கிளம்பிப் பாதி வழியில் கை நடுங்கி ஏதாவது ஆகிவிட்டதா, ஒன்றும் தெரியாது. அப்படி ஆகியிருந்தால் அதுவும் நாங்கள் செய்ததுதான். ராக்கு பெட்டியில் காதை வைத்துப் பார்ப்பாள், டம்ளரில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். மார்கழி பிறந்தது. சண்டை நின்றுவிட்டது என்று ரேடியோ சொன்னது, யார் யார் இருக்கிறார்கள் என்று அது சொல்லவில்லை.

கடிதம் போன பத்தொன்பதாவது நாள், பதினொரு மணிக்கு, அருளப்பன் கண்மாய்க்கரையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

கிணற்றடியில் இருந்த நாங்கள் எல்லோரும் அப்படியே நின்றுவிட்டோம். குடம் நிறைந்து வழிந்தது, யாரும் எடுக்கவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு வந்தார், மணி அடிக்கவில்லை. முதல் வீட்டைத் தாண்டினார், அந்த வீட்டுக்காரிக்கு மூச்சு வந்தது, இரண்டாவது வீட்டைத் தாண்டினார், என் வீட்டையும் தாண்டினார், தாண்டினதும் நான் சந்தோஷப்பட்டேன், அந்தச் சந்தோஷத்துக்காக இன்றைக்கும் என்னை நான் மன்னிக்கவில்லை. ராக்குவின் வாசலில் போய் நின்றார். அவள் நிலைக்காலைக் கட்டிக்கொண்டு நின்றாள், கை நீட்டவில்லை.

"புடி ஆத்தா, கடுதாசி" என்றார் அருளப்பன். அவள் முகத்தைப் பார்த்தார், திரும்பி எங்கள் முகத்தைப் பார்த்தார், பிறகுதான் அவருக்கு உறைத்தது. "ஐயையோ, டயர்ல முள்ளுத்தா. கரைமேட்டுல கருவமுள்ளு ஏறிருச்சு. அதான் தள்ளிக்கிட்டு வந்தேன்."

அவரை என்ன திட்டு திட்டினேன் என்று இங்கே சொல்ல முடியாது.

ராக்கு அங்கேயே உட்கார்ந்து பிரித்தாள். பிரித்தவள் தாளை என்னிடம் நீட்டினாள், எனக்குப் பாதி எழுத்துத்தான் புரிந்தது, அவ்வளவு கோணல், ஒரு வரி மலையேறி அடுத்த வரி கிணற்றில் விழுந்தது, மை கொட்டியிருந்தது, இரண்டு இடத்தில் பேனா தாளைக் கிழித்திருந்தது. அவள்தான் வாசித்துச் சொன்னாள். உன் கடிதம் வந்தது, அதைத் தொட்டதும் கை துப்பாக்கியைப் பிடிக்கவில்லை, முன்னால் போகிற அன்றைக்கு வரிசையில் நின்றபோது அதிகாரி என் கையைப் பார்த்துவிட்டு என்னை வெளியே எடுத்துவிட்டார், வேறு ஒருவன் போனான், போனவர்களில் இரண்டு பேர்தான் திரும்பினார்கள், என்னை அரிசி மூட்டை இறக்குகிற இடத்தில் போட்டிருக்கிறார்கள், எல்லோரும் சிரிக்கிறார்கள், எனக்குப் பதிலாகப் போனவனை நினைத்தால் தூக்கம் வரவில்லை. பிள்ளை திரும்பியதா? இன்னும் குறுக்கேதான் கிடக்கிறதா? கால் வீக்கம் எப்படி? பாம்பு போனதா? நீ இருக்கிறாயா? இருக்கிறாய் என்று உடனே எழுது.

இப்படியே மொத்தம் ஒன்பது கேள்வி இருந்தது. ராக்கு விரல்விட்டு எண்ணினாள், திரும்பவும் முதலில் இருந்து எண்ணினாள்.

பிள்ளை தானாகத் திரும்பித் தை மாதம் பிறந்தது, பெண். மெடல் வேறு ஊருக்குப் போனது. மாசியில் காத்தமுத்து லீவில் வந்தான். வாசலில் நின்று வழக்கப்படி நிலைக்காலில் வைக்கக் கையைத் தூக்கினான், ராக்கு, "வேணாம், உங்களுது உங்ககிட்டயே இருக்கு" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். பிள்ளையை வாங்கமாட்டேன் என்றான், கீழே போட்டுவிடுவேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். அவள் விடவில்லை, மடியில் கிடத்தி இரண்டு கையையும் அதன்மேல் எடுத்து வைத்தாள். அந்த நடுக்கத்தில் ஆடி ஆடிப் பிள்ளை தூங்கிப்போனது.

ஊர் வந்து பார்த்தது. ஆண்கள் அவன் கையைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்துப் பேசினார்கள். ராக்கு காப்பி கொண்டுவந்து கொடுத்தாள், அவன் டம்ளரைத் தூக்கினதும் பாதி சட்டையிலும் பாதி தரையிலும் சிந்தியது, கூனிக் குறுகிப்போய் டம்ளரைக் கீழே வைத்தான். எல்லோருக்கும் கடைசியில் பஞ்சவர்ணம் வந்தாள். வெறும் நெற்றியோடு வந்து வாசலில் நின்று அந்தக் கையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உள்ளே வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சிந்தின காப்பியைத் தன் முந்தானையால் துடைத்தாள்.

"இன்னொரு டம்ளர் ஊத்திக் குடு ராக்கு" என்றாள். "சிந்தட்டும் தம்பி. நல்லாச் சிந்தட்டும்."

அவன் குடித்து முடிக்கிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்து, சிந்தச் சிந்தத் துடைத்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் எழுந்து, ஈர முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, உறி ஆடுகிற தன் வீட்டுக்குப் போனாள்.